பலகையில் தாவர விருந்து: 14 பேருக்கு வயிறு நிறையுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூர், பொங்கோலில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. சனிக்கிழமை மாலை 14 பேர் வருகிறார்கள். மாமனார், மாமியார் பழைய சைவம்; பாலும் தயிரும் உண்டு. நாத்தனார் ஒரு வருடமாக வீகன்; பால், நெய், தேன் எதையும் தொடமாட்டார். அலுவலகத் தோழி ஒருவர் சீனர், பௌத்த சைவம். பக்கத்து வீட்டு மலாய்க் குடும்பம் நான்கு பேர். மற்றவர்கள் எல்லாம் சாப்பிடுகிறவர்கள். "பெரிய மரப்பலகையில் முழுக்கத் தாவர உணவாகவே அடுக்கிப் பரிமாற ஆசை. அது சாப்பாடாகுமா, வெறும் அலங்காரமா? எதில் ஆரம்பிப்பது?"

சாப்பாடாகும். ஆனால் படத்தைப் பார்த்து ஆரம்பித்தால் ஆகாது. நான் கேட்டரிங் சமையலறையில் ஆறு வருடம் வேலை பார்த்தவள். அப்படியும் என் வீட்டில் முதல் தடவை வைத்த பலகை சொதப்பல்தான். தீபாவளிக்கு அடுத்த ஞாயிறு, ஏழு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். ஐந்து மணிக்கே எல்லாவற்றையும் அடுக்கி முடித்து, படமும் எடுத்துத் தங்கைக்கு அனுப்பிவிட்டேன். ஏழு மணிக்குப் பார்த்தால் வெள்ளரிக்காய்த் துண்டுகளிலிருந்து தண்ணீர் கசிந்து, பலகையின் ரேகை வழியாகவே கோடு போட்டு ஓடி, அப்பளத்தின் அடியில் போய்த் தேங்கியிருக்கிறது. முறுக்கு நமத்துவிட்டது. பீட்ரூட் பக்கத்தில் இருந்த காலிஃபிளவருக்கு ஒரு பக்கம் மட்டும் ஹோலி. தேங்காய்ச் சட்னியை முகர்ந்து பார்த்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் எடுத்துக் கொட்டினேன்.

அன்றிரவு பாத்திரம் கழுவும்போதுதான் யோசித்தேன். இந்தப் பலகைப் பழக்கம் எங்கிருந்து வந்தது? சார்க்யூட்டரி என்கிறார்களே, அந்தப் பிரெஞ்சுச் சொல்லின் மூலமே 'வெந்த இறைச்சி'. உப்புப் போட்டு உலர்த்திய இறைச்சி, பழுக்கவைத்த சீஸ், கொட்டைகள், உலர்ந்த ரொட்டி. எல்லாமே தண்ணீர் வற்றியவை, உப்பும் கொழுப்பும் நிறைந்தவை. வெளியே வைத்தாலும் நிற்பதற்காகவே செய்த உணவுகள். அதுவும் குளிர்ந்த ஊரில். நாம் என்ன செய்கிறோம்? இறைச்சியையும் சீஸையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் வெட்டிய காய்கறியை வைக்கிறோம். காய்கறி என்றால் பாதிக்கு மேல் தண்ணீர். வெளியே 31 டிகிரி, ஈரப்பதம் 80 சதவீதத்துக்கு மேல். அது எப்படி நிற்கும்?

ஆகவே பலகைக்கு என்ன வைப்பது என்பதை அழகு முடிவு செய்யக்கூடாது. ஈரம் வற்றிய, புளிப்போ உப்போ எண்ணெயோ ஏறிய, ஆறினாலும் ருசி குறையாத தாவர உணவு எது? இதற்குப் பதில் தேட நாம் பிரான்சுக்குப் போக வேண்டியதில்லை. ரயில் பயணத்துக்கும் கோயில் யாத்திரைக்கும் பாட்டிமார் கட்டிக்கொடுத்த கட்டுச்சோற்று மூட்டையை அவிழ்த்துப் பாருங்கள். புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி, பருப்புத் துவையல், ஊறுகாய், வற்றல். அத்தனையும் பலகை உணவுதான், பலகை இல்லாத குறைதான்.

முதலில் துவையல். சட்னி ஓடும், துவையல் நிற்கும். தேங்காய்ச் சட்னியைப் பலகையில் வைக்காதீர்கள். இந்த ஊர் வெக்கையில் முதலில் கெடுவது துருவிய தேங்காய்தான். பருப்புத் துவையல், கொத்தமல்லித் துவையல், வறுத்த எள்ளுத் துவையல் என்று மூன்று வகை போதும். 14 பேருக்கு ஒவ்வொன்றும் 300 கிராம் வரை. பருப்புத் துவையலுக்கு 200 கிராம் துவரம்பருப்பைச் சிவக்க வறுத்து, ஆறேழு காய்ந்த மிளகாய், நெல்லிக்காய் அளவு புளி, உப்பு சேர்த்துக் கொரகொரவென்று அரையுங்கள். தேங்காய் வேண்டுமென்றால் நிறம் மாறும்வரை வறுத்துப் போடுங்கள். தண்ணீரை மிக்ஸியில் ஊற்றாதீர்கள். ஒவ்வொரு கரண்டியாகத் தெளியுங்கள். பதம் பார்ப்பது சுலபம்: ஒரு கரண்டியில் எடுத்துக் கவிழ்த்தால் விழக்கூடாது. அந்தப் பதத்தில் இருந்தால் கிண்ணம்கூட வேண்டாம், கையை நனைத்து உருட்டி இலைமேல் மலைபோல் வைத்து, நடுவில் ஒரு குழி பறித்து நல்லெண்ணெய் விடலாம். விருந்தாளிகள் கேரட்டைக்கூட அதில் தொட்டுத் தின்பார்கள்.

ஹம்மஸும் இதே குடும்பம்தான், எள்ளும் கொண்டைக்கடலையும். பிள்ளைகளுக்குப் பிடிக்கும், வையுங்கள். கடலையை ஒரு சிட்டிகை ஆப்பசோடா போட்டு ஊறவைத்து, குழைய வேகவைத்து, அரைக்கும்போது ஐஸ் தண்ணீர் ஊற்றினால் வெண்ணெய்போல் வரும். அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

பலகை சாப்பாடாகுமா என்பது நடுவில் என்ன கனமாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மூன்று வகைத் தொடுகறியும் ஒரு கூடைக் காய்கறியும் வைத்தால், எட்டு மணிக்கு மாமனார் மெல்ல உங்கள் கணவரிடம் "சாப்பாடு எப்போ?" என்று கேட்பார். என் வீட்டில் கேட்டார்கள். என் தேர்வு தெம்பே. ஜாவாவிலிருந்து வந்த உணவு, சோயாவைப் புளிக்கவைத்துக் கட்டியாக்கியது. 100 கிராமில் ஏறக்குறைய 19 கிராம் புரதம். கேலாங் சிராய் சந்தையில் வாங்கலாம், பேரங்காடியிலும் இருக்கிறது. ஒரு கிலோ வாங்கிச் சுண்டுவிரல் கனத்துக்கு நீளவாக்கில் வெட்டி, புளித்தண்ணீர், மஞ்சள், உப்பு, கொத்தமல்லித் தூள் கலந்ததில் கால் மணி நேரம் ஊறவையுங்கள். அப்புறம் நன்றாக வடியவிட வேண்டும். இதில்தான் பலர் அவசரப்படுகிறார்கள். ஈரத்தோடு எண்ணெயில் போட்டால் பொரியாது, அவியும். மிதமான சூட்டில் ஒருமுறை பொரித்து வைத்துவிட்டு, விருந்தாளிகள் லிஃப்டில் ஏறும் நேரத்தில் சூட்டைக் கூட்டி இரண்டாம் முறை ஒரு நிமிடம் பொரியுங்கள். ஒரு மணி நேரம் மொறுமொறுப்பு நிற்கும்.

அதோடு சுண்டல். கறுப்புக் கொண்டைக்கடலை 600 கிராம் ஊறவைத்து வேகவைத்தால் ஒன்றேகால் கிலோவுக்கு மேல் வரும். வெள்ளைக் கடலையைவிடக் கறுப்பு நல்லது, தோல் பிரியாது, மசியாது. நவராத்திரிக்குச் செய்வதுபோலத் துருவிய தேங்காயைத் தூவிவிடாதீர்கள். மாங்காயும் வறுத்த தேங்காயும் போதும்.

மாவுச்சத்துக்கு இட்லி, அடை, புளியோதரை. தோசை ஆறினால் ரப்பர், பலகைக்கு லாயக்கில்லை. இடியாப்பம் ஓரம் காய்ந்துவிடும். சின்ன இட்லியை அவித்துப் பத்து நிமிடம் ஆறவிட்டு, நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியில் புரட்டி வைத்தால் எண்ணெய்ப் பூச்சு ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு மணி நேரம் கழித்தும் பஞ்சு மாதிரி இருக்கும். ஆளுக்கு எட்டு என்று கணக்குப் போடுங்கள். அடையைக் கொஞ்சம் தடிமனாக வார்த்து முக்கோணமாக வெட்டுங்கள், ரொட்டியின் வேலையை அது பார்த்துக்கொள்ளும். புளியோதரைக்கு 700 கிராம் அரிசி. சின்னக் கிண்ணத்தில் அமுக்கிக் கவிழ்த்தால் ஒவ்வொருவரும் ஒரு மேட்டை எடுத்துக்கொள்ளலாம், கரண்டி போட்டுக் கிளற வேண்டாம்.

ரசம் ஒன்று ஃபிளாஸ்க்கில் இருக்கட்டும். பலகையில் இல்லாத ஒன்று சூடு. நம் ஆட்களுக்குத் தொண்டையில் சூடாக ஏதாவது இறங்காவிட்டால் சாப்பிட்ட நினைப்பே வராது. டீ கிளாசில் பாதி ஊற்றிக் கொடுத்துப் பாருங்கள், பலகையில் கைவைக்கத் தயங்குகிறவர்கள்கூட உட்கார்ந்துவிடுவார்கள்.

பச்சைக் காய்கறிக்குப் படங்களில் வருகிற கேரட், செலரி, குடைமிளகாயோடு நிறுத்திவிடாதீர்கள். மலாய்க்காரர்களின் ஊலாம் தட்டைப் பார்த்திருப்பீர்கள். பச்சையாகத் தின்னும் இலை, காய்கள். அதில் வருகிற பெகாகா வேறெதுவும் இல்லை, நம் வல்லாரைதான். சிறகவரை, பிஞ்சுக் கத்தரி, ஊலாம் ராஜாக் கொழுந்து எல்லாம் தண்ணீர் விடாதவை, நறுக்கென்று கடிபடும். துவையலைத் தொட்டுச் சாப்பிட இவற்றுக்கு ஈடில்லை. பக்கத்து வீட்டு அம்மாவுக்கு இதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிடும், எழுதித் தருகிறேன். வெள்ளரி வேண்டும் என்றால் நீளவாக்கில் பிளந்து விதைப்பகுதியை வழித்தெடுத்து, உப்புத் தூவிக் கால் மணி நேரம் வடிகட்டியில் போட்டு, துணியால் ஒற்றிவிட்டு வையுங்கள். தக்காளியை வெட்டவே வேண்டாம், குட்டித் தக்காளியை முழுதாகப் போடுங்கள்.

கடையில் விற்கிற வீகன் சீஸ் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். பெரும்பாலானவை தேங்காய் எண்ணெயும் மாவும். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் வரவேற்பறையில் அது வியர்த்து வழியும், விலையும் அதிகம். அந்தக் காசுக்கு நல்ல முந்திரி வாங்கி மிளகும் உப்பும் போட்டு வறுத்து வையுங்கள்.

சரி, இப்போது யார் எதைச் சாப்பிடமாட்டார்கள் என்ற விஷயம். உங்கள் 14 பேரில் பெரிய சிக்கல் இங்கேதான், சமையலில் இல்லை. 'எல்லாம் தாவர உணவு, எல்லோரும் சாப்பிடலாம்' என்று நினைத்துவிடாதீர்கள்.

உங்கள் சீனத் தோழியிடம் முதலில் கேளுங்கள். சீன பௌத்த சைவத்தில் பலர் வெங்காயம், பூண்டு, வெங்காயத்தாள், பூண்டு வாசனையுள்ள குச்சாய்க் கீரை சாப்பிடமாட்டார்கள். அவர்கள் விலக்கும் அந்த ஐந்து காரப் பொருள்களின் பட்டியலில் பெருங்காயமும் வரும். நம் வீட்டில் வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கச் சொன்னால் கை தானாகப் பெருங்காய டப்பாவைத்தான் தேடும். எனக்கு இது தெரியாமல், ஒரு தோழிக்காகவே வெங்காயம் இல்லாமல் சுண்டல் செய்து, பெருங்காயத்தை அள்ளிப் போட்டு, பெருமையாக நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே பழத்தை மட்டும் எடுத்துக்கொண்டார். காரணத்தை வெகுநாள் கழித்துத்தான் சொன்னார். அவருக்காகச் சுண்டலையும் பருப்புத் துவையலையும் ரசத்தையும் இவை இல்லாமலே செய்துவிடுங்கள். மிளகும் சீரகமும் இஞ்சியும் அந்தக் குறையை நிரப்பும். இன்னொன்று: கடைப் பெருங்காயத்தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஒத்துக்கொள்ளாத விருந்தாளி எவராவது இருந்தால் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள்.

நாத்தனார் விஷயத்தில் ஒளிந்திருக்கிற பால்தான் ஆபத்து. மோர்மிளகாய். பெயரிலேயே மோர் இருக்கிறது, ஆனாலும் எத்தனை பேர் மறந்துபோகிறோம்! கடை முறுக்கில் வெண்ணெய், தாளிப்பில் பழக்கதோஷத்தில் ஒரு கரண்டி நெய். மீன் வகையும் ஒளிந்திருக்கும்: கடைச் சம்பாலில் பெலாச்சான் என்ற புளித்த இறால் கட்டி, ரோஜாக் குழம்பில் இறால் விழுது, கிம்ச்சியில் மீன் சாறு. சம்பாலை வீட்டிலேயே அரைத்துவிடுங்கள்; பெலாச்சானுக்குப் பதில் வறுத்த எள்ளோ, உப்பிட்டுப் புளித்த சோயா விழுதோ போடலாம்.

மலாய்க் குடும்பத்துக்கு உணவைவிடப் பாத்திரம்தான் கேள்வி. வீட்டில் கறி வெட்டுகிற பலகையைக் கழுவி எடுத்து வைத்துவிட்டு, "எல்லாம் சைவம்தான், சாப்பிடுங்க கக்கா" என்று சொல்வது நியாயமில்லை. விருந்துக்குப் புதுப் பலகை, புதுக் கத்தி. சமையல் ஒயின், மிரின் என்ற ஜப்பானிய அரிசி ஒயின் எதுவும் வேண்டாம். இதையெல்லாம் அவர்கள் கேட்கச் சங்கடப்படுவார்கள், நீங்களே முன்கூட்டிச் சொல்லிவிட்டால் நிம்மதியாகச் சாப்பிடுவார்கள்.

கடைசியாக, நம் வீட்டுப் பெரியவர்கள். பலகையை முதன்முதலில் மேசையில் பார்த்தபோது என் மாமியார் சொன்னது: "பலகையில உக்காருவாங்க, சப்பாத்தி தேய்ப்பாங்க. அதுல சாப்பிடவா?" சிரித்துவிட்டோம், ஆனால் அவர் கடைசிவரை எதையும் எடுக்கவில்லை. காரணம் பலகை அல்ல, எச்சில். பத்துப் பேர் கைவிட்டு எடுக்கிற இடத்திலிருந்து அவர் எப்படிச் சாப்பிடுவார்? தொட்ட கேரட்டை ஒரு சின்னப் பையன் மறுபடியும் துவையலில் முக்கியதை அவர் கண்ணால் பார்த்தார். அதுபோக, எடுத்துப் போட்டுக்கொள்ளச் சொல்வது அவர் தலைமுறைக்கு உபசாரமே இல்லை. பரிமாற வேண்டும். அடுத்த தடவையிலிருந்து பழக்கத்தை மாற்றினேன். பலகையை யாரும் தொடுவதற்கு முன் பெரியவர்களை உட்காரவைத்து, ஆளுக்கொரு வாழையிலைத் துண்டு போட்டு, பலகையிலிருந்தே எடுத்து நான் பரிமாறிவிடுவேன். தயிர் தனியாக அவர்கள் பக்கம், வேறு மேசையில். அதன்பிறகுதான் மற்றவர்களுக்கு. ஒவ்வொரு வகைக்கும் தனி இடுக்கி அல்லது கரண்டி, ஒவ்வொருவருக்கும் தனித் தட்டு, தட்டுக்குள் ஒரு கரண்டித் துவையல். பலகை எடுப்பதற்கு, தட்டு தின்பதற்கு. இதைப் பிள்ளைகளிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது இரண்டு பலகை வைக்கிறேன். பெரியது பொது, சின்னது வெங்காயம், பூண்டு, பெருங்காயம் இல்லாதது. இரண்டிலும் பால் கிடையாது. சின்னதை மேசையின் மறுகோடியில் வைத்தால் கரண்டி மாறாது. பழைய அழைப்பிதழ் அட்டையை வெட்டி, வேண்டியவர்கள் படிக்க ஆங்கிலத்திலும் தமிழிலும் பெயரெழுதிச் செருகிவிடுவேன். கொஞ்சம் கல்யாண மண்டபம் மாதிரி இருக்கும், பரவாயில்லை.

பலகை வாங்குவது பற்றி. கண்டபடி பெரியதாக வாங்காதீர்கள். 60க்கு 40 சென்டிமீட்டர் என்றால் ஆறேழு பேருக்குச் சரி. 14 பேருக்கு இரண்டு பலகை, ஒரே ராட்சதப் பலகை வேண்டாம். மேசையின் ஒரே பக்கம் கூட்டம் நெருக்கும் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம் கழுவுதொட்டி. வீவக வீட்டுச் சமையலறைத் தொட்டியில் 90 சென்டிமீட்டர் பலகையைச் சாய்த்துப் பிடித்துத் தேய்த்தவர்களுக்குத்தான் அந்த வேதனை தெரியும். பாதித் தண்ணீர் தரையில், மீதி உங்கள் மேல். கடைக்குப் போகும்முன் தொட்டியை அளந்துகொண்டு போங்கள்.

மரத்தில் ரப்பர் மரப் பலகை எனக்குப் பிடிக்கும். வெளிறிய நிறம், விலை குறைவு, உறுதி. அதில் ஒரு கதையும் இருக்கிறது. லண்டனின் கியூ தோட்டம் அனுப்பிய 22 ரப்பர் கன்றுகள் 1877ல் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888ல் பூங்காவின் பொறுப்பை ஏற்ற ரிட்லி, மரத்தைக் கெடுக்காமல் பால் எடுக்கும் முறையைக் கண்டுபிடித்து, தோட்டக்காரர்களை நடச் சொல்லி நச்சரித்தார். மலாயா முழுக்கப் பால்மரக் காடு ஆனது, அதில் பால் வெட்ட நம் ஆட்கள் கப்பல் ஏறி வந்தார்கள், என் தாத்தா உட்பட. 25, 30 வருடத்தில் பால் குறைந்த மரத்தை வெட்டிவிடுவார்கள். அந்த மரம்தான் இப்போது மேசையாகவும் பலகையாகவும் வருகிறது. ஜொகூர்த் தோட்டத்தில் பிறந்த என் மாமா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இதுல கோடு தேடுறேன்" என்றார். பால் வெட்டிய கத்திக் கோடு. அதெல்லாம் பட்டையோடு போய்விடும் என்று சொன்னேன். அவருக்குத் தெரியாததா!

தேக்கும் நல்லது. மூங்கில் இலேசானது, ஒட்டுப்போட்டது என்பதால் ஊறவைத்தால் பிரியும். லிட்டில் இந்தியாவில் இருக்கிற தேக்கா என்ற இடத்தின் பெயரே ஹொக்கியன் மொழியில் மூங்கில் அடி என்று பொருள்படுவது, அங்கே போய் மூங்கில் பலகை வாங்கினால் பொருத்தமாகத்தான் இருக்கும். அலங்காரத்துக்கென்று பளபளவென வார்னிஷ் பூசி விற்பதில் நேரடியாக உணவை வைக்காதீர்கள்.

எந்தப் பலகையானாலும் மேலே வாழையிலை விரித்துவிடுங்கள். இது அழகுக்கு மட்டும் சொல்வதில்லை. மஞ்சள், பீட்ரூட் கறை மரத்தில் இறங்காது, மாமியாரின் பாதிச் சங்கடம் தீரும், கழுவும் வேலை குறையும். தேக்கா சந்தையில் காலையில் வாங்கி, நடுநரம்பின் தடித்த பாகத்தைச் சீவிவிட்டு, அடுப்புச் சூட்டில் ஒருமுறை காட்டினால் நிறம் கரும்பச்சையாக மாறி இலை துவளும். அப்புறம் மடித்தாலும் கிழியாது. அப்படியும் மஞ்சள் கறை பட்டுவிட்டால் பயப்படாதீர்கள், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். துணி காயவைக்கும் இடத்தில் ஒரு மணி நேரம் வெயில் காட்டினால் மங்கும். நாள் முழுக்க விட்டால் பலகை பிளக்கும்.

கழுவியதும் துடைத்து நிமிர்த்தி நிறுத்துங்கள், படுக்கவைத்தால் அடியில் பூஞ்சை பிடிக்கும். மாதம் ஒருமுறை உணவுத்தர மினரல் எண்ணெய் தடவுங்கள். நல்லெண்ணெய், கடலை எண்ணெய் தடவினால் சில வாரத்தில் சிக்கு வாடை வரும், அதைப் போக்கவே முடியாது.

நேரம். இதில் விளையாட வேண்டாம். 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமி வேகமாகப் பெருகும். கேட்டரிங் உணவோடு வருகிற நேரச் சீட்டில் சமைத்து 4 மணி நேரத்துக்குள் சாப்பிடச் சொல்லியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தாவர உணவுதானே என்று அலட்சியம் கூடாது. வெந்த சோறும் வெந்த கடலையும் அதே கணக்குத்தான், புளியோதரையில் புளி இருக்கிறது என்பதற்காக இரவு முழுக்க வெளியே வைக்கக்கூடாது. நான் பலகையில் எதையும் இரண்டு மணி நேரத்துக்கு மேல் விடுவதில்லை. அதற்கு வழி, ஒரேயடியாகக் கொட்டாமல் பாதி வைத்துப் பாதியை உள்ளே வைத்திருப்பது. தெம்பே இரண்டு தவணை, சுண்டல் இரண்டு தவணை. ஏழு மணிக்கு விருந்து என்றால் ஆறு மணிக்குத் துவையல், ஊறுகாய், கொட்டைகள். ஆறரைக்கு இட்லி, அடை, புளியோதரை. ஆறே முக்காலுக்குக் காய்கறி. கடைசிப் பத்து நிமிடத்தில் தெம்பே. அப்பளமும் முறுக்கும் பலகைக்கே வரக்கூடாது, மூடியுள்ள உயரமான டின்னில் பக்கத்தில் இருக்கட்டும். குளிரூட்டி போட்டிருந்தால் காற்று உலர்ந்திருக்கும், மொறுமொறுப்புக்கு நல்லது. ஆனால் காற்று நேராகப் பலகைமேல் அடித்தால் இட்லியும் அடையும் ஓரம் விறைத்துவிடும்.

சீனப் புத்தாண்டுக்கு எல்லோரும் சேர்ந்து கிளறிச் சாப்பிடும் யூஷெங் சாலட் தட்டைக் கவனித்தால் இதே அறிவு அங்கேயும் இருக்கிறது. சீவிய காய்கள் எல்லாம் உலர்வாகச் சுற்றி இருக்கும். எண்ணெயும் பிளம் குழம்பும் மொறுமொறுத் துண்டுகளும் எல்லோரும் எழுந்து நின்று குச்சியைப் பிடித்த பிறகுதான் விழும். ஒரு நிமிடம் கழித்து அது மொத்தமும் ஈரக் குப்பை, ஆனால் அந்த ஒரு நிமிடம் போதும்.

கறி சாப்பிடுகிறவர்கள் முகம் சுளிப்பார்களோ என்ற கவலை உங்கள் கேள்வியில் எட்டிப்பார்த்தது. 1924ல் தொடங்கிய ஆனந்த பவனிலும் 1947ல் தொடங்கிய கோமள விலாசிலும் சைவ இலைச்சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் மறுநாள் மீன்தலைக் கறி சாப்பிடுகிறவர்கள்தான். காரமும் புளிப்பும் எண்ணெயும் சரியாக இருந்தால் யாரும் கேட்கப்போவதில்லை. "கறி மாதிரியே இருக்கும்" என்று எதையும் அறிமுகப்படுத்தாதீர்கள், அப்போதுதான் ஒப்பிடத் தொடங்குவார்கள்.

இனிப்புக்குத் தனித் தட்டு. கொய்யா, அன்னாசி, பொமலோ, பலாச்சுளை, ரம்புத்தான். கொய்யாவுக்குப் பக்கத்தில் புளிப்புப் பிளம் தூள். ஓண்டே ஓண்டே உருண்டை பிறப்பிலேயே வீகன், பசையரிசி மாவும் பாண்டான் இலையும் குலா மெலாக்கா வெல்லமும்தான். மேலே பச்சைத் தேங்காய் இருப்பதால் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே தீர்க்க வேண்டும். டுரியான் பருவமாக இருந்தாலும் பலகைக்கு அருகில் கொண்டுவராதீர்கள். இட்லி வரை டுரியான் மணக்கும்.

கடைசியாக ஒரு செலவு: மூடிபோட்ட சின்ன டப்பா ஒரு கட்டு வாங்கி வையுங்கள். எட்டரை மணிக்கு, எல்லோரும் சாப்பிட்டு முடித்து இன்னும் பேசிக்கொண்டிருக்கும்போதே, உள்ளே எடுத்துவைத்த தவணையில் மீந்ததைப் போட்டு யார் யாருக்கு எது பிடித்ததோ தாபாவ் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். பருப்புத் துவையலை மட்டும் முழுவதும் கொடுத்துவிடாதீர்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சமைக்கத் தெம்பு இருக்காது. சூடான சோறும் நல்லெண்ணெயும் இருந்தால் அது போதும்.